நடந்தால் பார்வை மங்குகிறது, நடையை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். நாளைக் காலையே மறுபடி தொடங்குங்கள்.

எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) நோய் இருக்கிறது, பள்ளிக்கூடம் விட்டு வந்து மாலை நான்கரைக்கு மொட்டை மாடியில் நடந்தால் வலது கண் மங்குகிறது, கால் கனக்கிறது, அரை மணி நேரம் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உட்கார்ந்தால் சரியாகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். எம்.எஸ். நோயில் மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பின் மேலுறை ஆங்காங்கே சிதைந்திருக்கும். உறை போன நரம்பு சூடு தாங்காது. உடம்பின் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே அதில் தகவல் ஓடுவது தடைப்படும். உடம்பு ஆறினால் பழையபடி ஓடும். ஜெர்மன் கண் மருத்துவர் ஊட்ஹோஃப் 1890-லேயே இதை எழுதிவைத்திருக்கிறார். இதனால் நரம்பு புதிதாகக் கெடுவதில்லை. எம்.எஸ். என்றாலே உடம்பை அலட்டாதே என்று டாக்டர்களே உட்காரவைத்த காலம் ஒன்று இருந்தது. அது தவறு. நீங்கள் பயப்படுகிற படுக்கைக்கு நடை கொண்டுபோகாது; நடக்காமல் இருந்தால்தான் தசை மெலிந்து தடுமாற்றம் கூடும்.

மாலையில் மாடித் தரை கொதிக்கும். காலை ஐந்தரைக்கு நடங்கள். பத்து நிமிடம் நடை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து நிமிடம். கிளம்பும்முன் ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர், கழுத்தில் ஈரத் துண்டு. எண்ணெய்க் குளியலுக்குக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வேண்டாம்.

தலையைக் குனிந்தால் முதுகில் ஷாக் அடிக்கிறது என்பது இந்த நோயில் சகஜம். வீல்சேர் வீடியோக்களைப் பார்ப்பதை விடுங்கள். அதில் இருப்பவர் நீங்கள் அல்ல.

பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இதுவரை இல்லாத ஒரு தொந்தரவோ, பழைய தொந்தரவு மோசமாவதோ, காய்ச்சல் இல்லாமலே வந்து, ஓய்வெடுத்தும் 24 மணி நேரம் தாண்டி நிற்பது. கண்ணுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். குங்குமச் சிமிழைத் திறந்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள். பிறகு மாற்றிப் பாருங்கள். ஒரு கண்ணுக்குச் சிவப்பு புதிதாக வெளிறித் தெரிந்து, அந்தக் கண்ணை உருட்டினால் வலித்தால், அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காதீர்கள். உடனே நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். ஒரு கால் மரத்துப்போய் மறுநாளும் அப்படியே இருந்தாலும் இதேதான்.

போன மாதம் கால் தளர்ந்தபோது பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் ஸ்டீராய்டு வாங்கி மூன்று நாள் போட்டதாக எழுதியதைப் படித்ததும் கோபம் வந்தது. அது நோய் திரும்பியதுதான் என்று உங்களுக்கு யார் சொன்னது? பள்ளியில் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை என்று நீங்கள்தான் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். சிறுநீரில் கிருமி சேர்ந்தாலும் எம்.எஸ். உள்ளவருக்குப் பழைய தளர்ச்சி அப்படியே திரும்பும், சிறுநீர் எரிச்சலே இல்லாமல்கூட. அப்போது ஸ்டீராய்டு போட்டால் கிருமிக்குத்தான் கொண்டாட்டம். நோய் உண்மையிலேயே திரும்பியிருந்தால் கொடுக்கும் ஸ்டீராய்டின் அளவே வேறு. பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாள் ரத்தக் குழாய் வழியாக, டாக்டரின் கண்காணிப்பில் ஏற்றுவோம்.

இந்த வாரமே சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பள்ளியில் தண்ணீர் குடியுங்கள். வகுப்புக்கு நடுவே போய்வர வேண்டியிருக்கும் என்று தலைமை ஆசிரியரிடம் சொல்லிவையுங்கள். மீதி மாத்திரை அட்டையை உங்கள் டாக்டரிடம் கொண்டுபோய், எத்தனை போட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.