சட்டமில்லாமல் ஓராண்டு ஓடிய ஊர்: கத்ரி பற்றிக் கேளுங்கள்

அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் உள்ள கத்ரி ஒரே நாளில் முளைத்த ஊர். 1889 ஏப்ரல் 22 நண்பகலில் அந்த நிலத்தை அரசு குடியேற்றத்துக்குத் திறந்துவிட்டது. அதுவரை அங்கே ரயில் நிலையமும் நில அலுவலகமும் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை, இருட்டுவதற்குள் சுமார் 10,000 பேர் கூடாரம் அடித்துவிட்டார்கள். வந்த கேள்விகளுக்குப் பதில் கீழே.

சார், அந்தக் காலத்தில் ஓர் ஊரை நகரமாகப் பதிவு செய்ய என்ன செய்வார்கள்?

பெரும்பாலும் ஒரு மனுதான். ஊரார் கையெழுத்துப் போட்டு மாவட்ட நீதிபதியிடமோ ஆணையர்களிடமோ கொடுப்பார்கள், எல்லையும் ஆள் கணக்கும் சரியாக இருந்தால் உத்தரவு வரும், அப்புறம் தேர்தல். கான்சாஸின் அபிலீன் 1869இல் இப்படித்தான் பதிவானது. இன்னொரு வழி, சட்டமன்றமே தனிச் சட்டம் போட்டு ஊரை உண்டாக்குவது. 1886க்குப் பிறகு பிரதேசங்களின் (இன்னும் மாநிலமாகாத பகுதிகளின்) சட்டமன்றங்கள் அப்படிச் செய்யக்கூடாது என்று காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், தடை போட்டுவிட்டது.

அப்படியானால் கத்ரிக்காரர்களும் மனு கொடுத்திருக்கலாமே?

யாரிடம் கொடுப்பது? அங்கேதான் சிக்கல். நிலத்தைத் திறந்துவிட்ட காங்கிரஸ் அதை ஆள ஓர் அரசை அமைக்காமல் விட்டுவிட்டது. ஊர் அமைக்கும் நிலத்துக்கான ஊர்மனைச் சட்டப்படி, நகர நிர்வாகமோ மாவட்ட நீதிபதியோதான் குடியிருப்போர் சார்பில் மொத்த இடத்தையும் அரசிடம் வாங்கி ஆளுக்கு ஆள் பத்திரம் எழுதித் தர முடியும். மாவட்டம் இல்லை, அதனால் நீதிபதி இல்லை. பதிவு செய்யச் சட்டம் இல்லை, அதனால் நகர நிர்வாகமும் இல்லை. பத்தாயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் மண்ணுக்குப் பட்டா வாங்கத் தகுதியுள்ள கை ஒன்றுகூட இல்லை! துப்பாக்கிச் சண்டையைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள், என்னைக் கேட்டால் அந்த ஊரின் உண்மையான தலைவலி இதுதான்.

கத்ரியில் நான்கு நகரங்கள் இருந்தன என்று படித்தேன், அச்சுப்பிழையா அண்ணா?

இல்லை தம்பி, நிஜம். ஓர் ஊர்மனைக்கு 320 ஏக்கருக்கு மேல் கிடையாது என்று 1889 சட்டத்திலேயே இருந்தது. அவ்வளவு கூட்டம் அதற்குள் எப்படி அடங்கும்? பக்கத்திலேயே கிழக்கு கத்ரி, மேற்கு கத்ரி, கேபிடல் ஹில் என்று தனித்தனி ஊர்களை அறிவித்துவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்த நிர்வாகம். எல்லைக்கோட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் வரி கேட்பவர் வேறு ஆள்.

அது பழங்குடிகளின் நிலம் இல்லையா?

ஆமாம். கிரீக், செமினோல் மக்களிடமிருந்து உள்நாட்டுப் போருக்குப் பின் 1866 ஒப்பந்தங்களில் வாங்கியது, அதுவும் வேறு பழங்குடிகளைக் குடியேற்றுவதற்கு என்று சொல்லி. 1889இல் மேலும் பணம் கொடுத்து மிச்ச உரிமையையும் எழுதி வாங்கிக்கொண்டுதான் வெள்ளையர்களுக்குத் திறந்தார்கள்.

சட்டமே இல்லாத நிர்வாகம் எதை வைத்து வரி வாங்கியது?

சம்மதத்தை வைத்துத்தான். கூட்டம் போட்டு மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள், தெருக்களை அளந்தார்கள், ஒரே மனைக்கு இரண்டு பேர் சண்டை போட்டால் பஞ்சாயத்து பேசி ஒருவருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள், கடைக்காரர்களிடம் தொழில்வரி வசூலித்தார்கள். தெருவுக்குக் குறித்த இடத்தில் கூடாரம் அடித்தவன் பெயர்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். ஆனால் அந்தச் சான்றிதழ் பட்டா ஆகாது.

இப்படிப்பட்ட ஊர் ஒருவனைத் தூக்கில் போட்டால் செல்லுமா?

கத்ரியை விட டகோட்டா பிரதேசத்தின் டெட்வுட் இதற்கு நல்ல உதாரணம். லகோட்டா பழங்குடி மக்களுக்கென்று 1868 ஒப்பந்தம் ஒதுக்கிய நிலத்தில் அத்துமீறி எழுந்த சுரங்க ஊர் அது. 1876 ஆகஸ்ட் 2இல் பேர்போன துப்பாக்கி வீரர் வைல்டு பில் ஹிக்காக்கைச் சுட்டுக் கொன்ற ஜாக் மெக்கால் என்பவனை ஊர்க்காரர்கள் கூடி விசாரித்து விடுதலை செய்தார்கள். அது நீதிமன்றமே இல்லை என்று பிரதேசத் தலைநகர் யாங்க்டனில் மறுபடி விசாரித்து 1877 மார்ச் 1இல் தூக்கிலிட்டார்கள். ஒரே குற்றத்துக்கு இரண்டு விசாரணையா என்ற வாதம் எடுபடவில்லை. ஆக அந்த ஊர் கொடுத்த விடுதலையே செல்லவில்லை, தூக்குக்கு எங்கே போவது.

கத்ரி எப்போதுதான் சட்டப்படி ஊரானது?

1890 மே 2இல் பிரதேச அரசுக்கான சட்டம் வந்தது. புதிதாக எழுதப் பொறுமையில்லை போல, நெப்ராஸ்கா மாநிலத்தின் சட்டங்களையே தற்காலிகமாகப் பொருத்திவிட்டார்கள். மே 14இல் இன்னொரு சட்டம், ஊர்மனைகளை வாங்கிப் பிரித்துக் கொடுக்க மூன்று பேர் கொண்ட அறங்காவலர் குழுக்களை அமைத்தது. நான்கு ஊர்களும் ஒன்றாயின.

பழைய நிர்வாகத்தின் கடன்?

அருமையான கேள்வி. ரொக்கம் இல்லாததால் செய்த வேலைக்குக் கடன்சீட்டு கொடுத்திருந்தார்கள், அதில் கொஞ்சம் ஒரு வங்கியின் கைக்குப் போய்விட்டது. புதிய நகரம் இதைக் கட்ட வேண்டும் என்று பிரதேசச் சட்டமன்றம் சட்டம் போட, சட்டப்படி இல்லாத ஓர் ஊர் வாங்கிய கடனை நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்று வழக்கு நீண்டது. 1899இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஊர் மக்களே பலன் அனுபவித்த வேலைக்கான கடன், அறத்தின் பேரில் அதைக் கட்டச் சொல்லச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பது நீதிபதிகள் சொன்ன காரணம்.