எலி ஏன் உண்ணவில்லை? உடல்பருமன் மருந்தாய்வும் மூளைச் சுற்றுகளும்: கேள்வி பதில்

உடல்பருமனுக்கான மருந்துகளை மனிதரிடம் சோதிப்பதற்கு முன் நடக்கும் விலங்காய்வில் நரம்புச் சுற்றுகள் (ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் நரம்பணுத் தொடர்கள்) எவ்வாறு ஆராயப்படுகின்றன என்பது குறித்து உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும், நரம்பு மருந்தியல் அறிந்த உறுப்பினர் ஒருவர் அளித்த பதில்களும்.

பள்ளி ஆசிரியை ஒருவர்: ஐயா, மருந்து கொடுத்த சுண்டெலியின் எடை குறைகிறதா என்று பார்த்தால் போதாதா? மூளைவரை ஏன் போக வேண்டும்?

விலங்கு வயிறு நிறைந்த உணர்வோடு உண்பதை நிறுத்தியிருக்கலாம்; குமட்டலால் உணவை ஒதுக்கியிருக்கலாம்; மருந்தின் மயக்கத்தில் கூண்டின் மூலையில் சுருண்டு கிடந்திருக்கலாம். தராசு இம்மூன்றையும் ஒரே எண்ணாகத்தான் காட்டும். மூளையின் கன்னாபினாய்டு ஏற்பிகளை (கஞ்சாவின் வேதிப்பொருளும் பற்றும் செல் புரதங்களை) தடுத்த ரிமோனபன்ட் என்னும் மருந்து விலங்குகளிலும் மனிதரிலும் எடையைக் குறைத்தது உண்மை. 2006-இல் ஐரோப்பாவில் அனுமதியும் பெற்றது. ஆனால் அந்த ஏற்பிகள் பசியோடு தொடர்புடைய பகுதிகளில் மட்டுமன்றி, மனநிலையைத் தீர்மானிக்கும் பகுதிகளிலும் பரவிக் கிடப்பவை. மனச்சோர்வும் தற்கொலை எண்ணங்களும் பதிவானதால் 2008-இல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. எந்தச் சுற்றின் வழியாக எடை குறைகிறது என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்த வரலாறே காரணம்.

மருந்தியல் மாணவர்: பசிக்கான நரம்பணுக்கள் இவைதாம் என்று எப்படி நிறுவினார்கள்?

ஹைப்போதலாமஸ் என்னும் மூளைப் பகுதியின் அடியில் உள்ள ஆர்க்குவேட் உட்கருவில் (நரம்பணுத் திரளில்) இருவகை நரம்பணுக்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஏஜிஆர்பி வகை பசியைத் தூண்டும். பிஓஎம்சி வகை அதை அடக்கும். வளர்ந்த சுண்டெலியில் ஏஜிஆர்பி நரம்பணுக்களை அழித்தபோது அது உண்பதையே விட்டுப் பட்டினியால் மெலிந்ததை 2005-இல் காட்டினார்கள். பிறந்த சில நாட்களுக்குள் அழித்தாலோ பெரிய பாதிப்பு இல்லை. வளரும் மூளை வேறு வழியை அமைத்துக்கொள்கிறது. மரபணுவைப் பிறவியிலேயே நீக்கிய விலங்கில் மாற்றம் தெரியவில்லை என்பதற்காக ஓர் இலக்கைக் கைவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

2011-இல் ஒளியால் இயங்கும் புரதத்தை அதே நரம்பணுக்களில் புகுத்தி, மெல்லிய ஒளியிழை வழியே நீல ஒளியைப் பாய்ச்சினார்கள். வயிறு நிறைந்திருந்த சுண்டெலி சில நிமிடங்களில் ஆவலோடு உண்ணத் தொடங்கியது. 2015-இல் இந்த நரம்பணுக்களின் இயக்கத்தை நேரடியாகப் பதிவுசெய்தபோதுதான் பலரும் வியந்தனர். பசித்த சுண்டெலியின் முன் உணவை வைத்த சில நொடிகளிலேயே, அது ஒரு வாய் உண்ணும் முன்பே, அவற்றின் செயல்பாடு சரிந்துவிடுகிறது.

மருத்துவர் ஒருவர்: எடைக் குறைப்பு மருந்தான செமாகுளூடைடு போன்ற பெரிய மூலக்கூறு மூளைக்குள் எப்படி நுழைகிறது?

மூளை முழுவதும் அது பரவுவதில்லை. இரத்தத்திலுள்ள பலவற்றை மூளைக்குள் விடாத இரத்த-மூளைத் தடுப்பு தளர்ந்திருக்கும் சில இடங்கள் வழியாகவே, குறிப்பாக மூளைத்தண்டில் உள்ள ஏரியா போஸ்ட்ரீமா, ஹைப்போதலாமஸின் அடிப்பகுதி ஆகியவற்றின் வழியாகவே நுழைகிறது என்பதை ஒளிரும் சாயம் இணைத்த மருந்தைச் செலுத்திப் படமெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த லிராகுளூடைடை, இம்மருந்துகள் பற்றிச் செயல்படும் ஜிஎல்பி-1 ஏற்பி நரம்பணுக்களில் மட்டும் நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது உணவும் எடையும் குறையவில்லை. இரத்தச் சர்க்கரை மட்டும் வழக்கம்போல் குறைந்தது. அதாவது, எடைக் குறைப்பு நரம்பு வழியாகவும் சர்க்கரைக் கட்டுப்பாடு வேறு வழியாகவும் நடக்கின்றன.

ஆய்வு மாணவி: எலிகள் வாந்தி எடுப்பதில்லையே ஐயா, குமட்டலை எவ்வாறு கண்டறிவது?

நல்ல கேள்வி, இத்துறையின் பாதித் தலைவலி இதுதான். அதிகம் பயன்படும் முறை சுவை வெறுப்புச் சோதனை. விலங்குக்கு அதுவரை பழக்கமில்லாத சாக்கரின் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, உடனே மருந்தைச் செலுத்த வேண்டும். சில நாட்கள் கழித்துச் சாக்கரின் புட்டியையும் தண்ணீர்ப் புட்டியையும் அருகருகே வைத்தால், மருந்தால் அவதிப்பட்ட விலங்கு இனிப்பைத் தொடாமல் தண்ணீரையே நாடும். ஒப்பீட்டுக்காக ஒரு குழுவுக்குக் குமட்டலை உண்டாக்கும் லித்தியம் குளோரைடு கொடுப்பது வழக்கம். பெரிய எலிகளாக இருந்தால், குமட்டலின்போது அவை கேயோலின் என்னும் வெண்களிமண்ணைத் தின்னும். தின்ற அளவை எடைபோட்டால் போதும். உண்மையாகவே வாந்தியைக் காண வேண்டுமானால், நம் வீட்டுச் சுவரோரம் ஓடும் மூஞ்சூறுதான் ஆய்வகங்களுக்கு உதவுகிறது. அது கொறித்துண்ணி இனம் அன்று, வாந்தியும் எடுக்கும்.

குமட்டலையும் நிறைவையும் பிரிக்க முடியுமா என்பதற்கு 2024-இல் ஓரளவு விடை கிடைத்தது. சுண்டெலியின் பின்மூளையில் ஏரியா போஸ்ட்ரீமாவில் உள்ள ஜிஎல்பி-1 ஏற்பி நரம்பணுக்களைத் தூண்டினால் உணவு குறைவதோடு கடும் வெறுப்பும் உண்டாகிறது. அதை ஒட்டியுள்ள என்டிஎஸ் உட்கருவில் அதே வகை நரம்பணுக்களைத் தூண்டினால் வெறுப்பின்றி நிறைவு மட்டும் வருகிறது. வெறுப்புப் பாதையை அடக்கிய நிலையிலும் மருந்து உணவைக் குறைத்தது. இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கிடப்பதால், ஒன்றை மட்டும் எட்டும் மூலக்கூறை உருவாக்குவது எளிதாக இருக்காது என்றே கருதுகிறேன்.

மற்றொரு மாணவர்: பசியை அடக்கும் ஹார்மோனான லெப்டின் இல்லாத பருத்த சுண்டெலிகளில் சோதித்தால் போதுமா?

போதாது. லெப்டின் 1994-இல் கண்டறியப்பட்ட பின் அச்சுண்டெலிகள் அதைப் பெற்று வியக்கத்தக்க அளவில் இளைத்தன. உடல்பருமன் உள்ள மனிதர் பெரும்பாலோருக்கோ லெப்டின் ஏற்கெனவே மிகுதி. கொழுப்பு மிகுந்த தீனியால் பருத்த சுண்டெலியே பொது நோக்குக்கு ஏற்றது.

குமட்டல் பற்றிக் கேட்ட ஆய்வு மாணவி: எங்கள் ஆய்வகத்தில் ஃபாஸ் (நரம்பணு கிளர்ந்ததும் அதில் உருவாகும் புரதம்) சாயமிடல் மட்டுமே சாத்தியம். அதை வைத்து என்ன சொல்ல முடியும்?

மருந்துக்குப் பின் எந்த நரம்பணுக்கள் கிளர்ந்தன என்று சொல்லலாம். அவற்றால்தான் உணவு குறைந்தது என்று எழுதாதீர்கள். ஊசி குத்துவதும் கையில் பிடிப்பதும்கூட ஹைப்போதலாமஸில் ஃபாஸைக் கிளப்பிவிடும். ஆகவே சோதனைக்குப் பல நாட்கள் முன்பிருந்தே எல்லா விலங்குகளுக்கும் உப்புக்கரைசல் ஊசி போட்டுப் பழக்குங்கள். மருந்து பெறாத குழுவுக்கும் அதே நேரத்தில் ஊசி போடுங்கள். மருந்து பெற்ற குழு உண்ட அளவே உணவைப் பெறும் இன்னொரு குழுவும் வேண்டும், இல்லாவிட்டால் மருந்தின் விளைவையும் வெறும் பட்டினியின் விளைவையும் வேறுபடுத்த முடியாது. மூளையை எடுக்கும் நேரம் ஊசிக்குப் பிறகு 90 முதல் 120 நிமிடத்துக்குள் இருக்கட்டும்.