பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவும் ஜப்பானிய வேர்களும்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பி.ஜே.ஜே. (பிரேசிலியன் ஜியு-ஜிட்சு) சாமுராய்களின் ஜுஜுட்சு என்ற மல்யுத்தக் கலையிலிருந்து நேராக வந்ததாகச் சொல்கிறார்களே?

பதில்: நேராக இல்லை தம்பி, நடுவில் ஜூடோ இருக்கிறது. கானோ ஜிகோரோ தெஞ்சின் ஷின்யோ, கிதோ என்ற இரண்டு பழைய ஜுஜுட்சு மரபுகளைக் கற்று 1882இல் டோக்கியோவில் கொடோகன் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். ஆபத்தான அடிகளையும் பூட்டுகளையும் விலக்கிவிட்டதால், எதிராளி முழு பலத்தோடு எதிர்க்கும் 'ரந்தோரி' பயிற்சியைத் தினமும் செய்ய முடிந்தது. கொடோகனில் பயின்ற மிட்சுயோ மயேடா 1914இல் பிரேசிலுக்குப் போய், பிறகு பெலேம் நகரில் தங்கிவிட்டார். பி.ஜே.ஜே.யை வளர்த்த பிரேசிலின் கிரேசி குடும்பம் தன் கலையை அவரிடமிருந்து தொடங்குகிறது. லூயிஸ் ஃபிரான்சா, ஓஸ்வால்டோ ஃபாத்தா வழியாக வந்த கிளையும் உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், பி.ஜே.ஜே.க்குக் கிடைத்த பெரிய சொத்து எந்தப் பிடியும் இல்லை, அந்த ரந்தோரிதான்.

கேள்வி: அப்படியானால் ஜூடோவில் தரைச்சண்டை ஏன் இவ்வளவு குறைவு?

பதில்: விதிதான் காரணம். முதுகு தரையில் படும்படி வேகமாக, சுத்தமாக எறிந்தால் இப்போன், அதாவது முழு வெற்றி, ஆட்டம் முடிந்தது. 20 விநாடி அமுக்கிப் பிடித்தாலும் அதே. தரையில் முன்னேற்றம் தெரியாவிட்டால் நடுவர் உடனே எழுப்பிவிடுவார்.

இதற்கு எதிர்த்திசையில் போனது ஜப்பானின் கோசென் பள்ளிப் போட்டி, 1914இல் தொடங்கியது. அங்கே எறியாமலே எதிராளியைத் தரைக்கு இழுக்கலாம். அணிப் போட்டி என்பதால் ஜெயித்தவர் எதிரணியின் அடுத்தவரோடு மோதுவார், சமன் ஆனால் இருவரும் வெளியே. அதனால் எதிரணியின் பலசாலியைச் சமனில் முடக்கவே தரைப்பிடி கற்றார்கள். கால்களால் கழுத்தை நெரிக்கும் முக்கோண நெரிப்பு வளர்ந்த இடமும் இதுதான். கார்டு (மல்லாந்து படுத்து எதிராளியைக் கால்களால் கட்டுப்படுத்தும் நிலை) பிரேசிலில்தான் பிறந்தது என்பவர்கள் கோசெனைப் பார்க்க வேண்டும். பிரேசில்காரர்கள் அதைப் பல மடங்கு வளர்த்தார்கள் என்பதும் உண்மை.

கேள்வி: கார்டிலிருந்து கிமுரா என்ற தோள்பூட்டு போட்டால் எதிராளி தன் பெல்ட்டைப் பிடித்துக்கொள்கிறார். என்ன செய்வது சார்?

பதில்: ஜூடோவில் இதன் பெயர் உதே-கராமி. 1951இல் பிரேசிலின் மரகானா அரங்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் கிமுரா மசாஹிகோ இதைக் கொண்டுதான் ஹெலியோ கிரேசியை வென்றார்.

எதிராளியின் வலது கை என்றால், உங்கள் இடது கையால் மணிக்கட்டைப் பிடியுங்கள். எழுந்து உட்கார்ந்து, வலது கையை அவர் தோளுக்கு மேலாகச் சுற்றி உங்கள் இடது மணிக்கட்டையே பற்றுங்கள். நான்கு விரலோடு கட்டைவிரலும் ஒரே பக்கம் இருக்கட்டும். பிறகு இடுப்பை வலப்புறம் நகர்த்திச் சாயுங்கள். அவர் முழங்கை உங்கள் மார்போடு ஒட்டி, ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கியிருக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: இடுப்பை நகர்த்தாமல் கைபலத்தால் இழுக்கிறார்கள், முழங்கை விலகிவிடுகிறது, அவர் பெல்ட்டைப் பிடித்துவிடுகிறார். பிடித்துவிட்டால் அவர் கையை உங்கள் மார்போடு அணைத்து, உடம்பைத் திருப்பிப் பிடியை விடுவியுங்கள். வலது காலை அவர் முதுகின் மேல் போட்டால் முன்னே உருண்டு தப்ப முடியாது. கடைசித் திருப்பு மெதுவாக. வலி தெரிந்த அடுத்த கணமே தோள் போகும்.

கேள்வி: ஜூடோவிலிருந்து பி.ஜே.ஜே.க்கு மாறுகிறேன். எதை முதலில் விட வேண்டும்?

பதில்: குப்புறப் படுத்து நடுவருக்காகக் காத்திருப்பதை. இங்கே யாரும் எழுப்ப மாட்டார்கள். உங்கள் முதுகில் ஏறி, இரு கால்களையும் உங்கள் தொடைகளில் கொக்கிபோல் மாட்டி 3 விநாடி நின்றால் 4 புள்ளி, அடுத்து கழுத்து நெரிப்பு. மண்டியிட்டுத் தோள்வழியே எறியும் செயோய் தவறினாலும் முதுகைத்தான் கொடுக்கிறீர்கள்.