படுக்க அடம்பிடிக்கும் மூன்றரை வயதுப் பிள்ளைக்குப் படம் போட்ட அட்டவணை உதவுமா? எப்படிச் செய்வது?

உதவும். ஆனால் நீங்களே அழகாகச் செய்து ஒட்டினால் அது சுவரில் இன்னொரு காகிதம், அவ்வளவுதான். பிள்ளையோடு உட்கார்ந்து செய்யுங்கள்.

இந்த வயதில் மணி பார்க்கத் தெரியாது. அடுத்து என்ன என்பது புரியும். பல் தேய்ப்பது, கழிப்பறை, உடை மாற்றுவது, கதை, விளக்கணைப்பது என நான்கைந்து படங்கள் போதும். என் மகள் பிரஷ்ஷைக் கோணலாக வரைந்தாள், திருத்தாமல் விட்டேன். இன்றும் ஓடிப்போய் முதலில் அதைத்தான் தொட்டுக் காட்டுவாள்.

“முதலில் உடையா, பல்லா?” என்று பிள்ளையிடமே கேளுங்கள். விளக்கணைப்பது மட்டும் கடைசி. அதில் பேரம் வேண்டாம். பிள்ளையின் கண்ணுக்கு நேராக ஒட்டி, ஒவ்வொன்று முடிந்ததும் ஒரு துணி கிளிப்பை அடுத்த படத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் “போய்ப் படு” என்று விரட்ட வேண்டாம், “அடுத்து என்ன?” என்றாலே நகரும்.

3 முதல் 5 வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை. காலையில் எழும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, படுக்கும் நேரத்தை முடிவு செய்யுங்கள். போன், டிவி எல்லாம் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே அணைந்துவிட வேண்டும்.