நண்டு இழுத்துப்போன ஆமைக்குஞ்சு

வணக்கம் அண்ணா,

சென்னையிலிருந்து வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. பிப்ரவரியில் இங்கிருந்து வடக்கே உள்ள சோட்வானா பே கடற்கரைக்குப் போயிருந்தோம். ராத்திரி வழிகாட்டி ஒருவருடன் போய், ஆமைக்குஞ்சுகள் மணலுக்குள்ளிருந்து கிளம்பி வருவதைப் பார்த்தோம். கண்ணெதிரே ஒரு நண்டு ஒரு குஞ்சைக் கவ்வி வளைக்குள் இழுத்துப்போனது. காப்பாற்ற ஓடிய என் மகளை வழிகாட்டி தடுத்துவிட்டார். அன்றிரவு முழுக்க அழுதாள். பெசன்ட் நகரில் முட்டைகளை எடுத்துப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இங்கே மட்டும் ஏன் கைகட்டி நிற்கிறார்கள்? ஏப்ரலில் கேப்டவுன் போகிறோம். அங்கேயாவது ஆமைகளுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று மகள் கேட்கிறாள்.

ஒரு வாசகி, டர்பன்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் அழுததில் தவறே இல்லை. ஆனால் வழிகாட்டி தடுத்ததும் சரிதான்.

சென்னையில் 1988 முதல் மாணவர்கள் ராத்திரி ராத்திரியாக நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளை எடுத்து வேலிபோட்ட இடத்தில் புதைத்துக் காக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு. அங்கே வேறு வழியில்லை. குஞ்சுகள் இருட்டில் வெளிச்சமான பக்கம் பார்த்துத்தான் ஓடும். விளக்கில்லாத கரையில் அது கடல். பெசன்ட் நகரில் அது தெருவிளக்கு. நாய்கள் வேறு. முட்டைகளை அப்படியே விட்டால் ஒன்றும் மிஞ்சாது.

சோட்வானாவிலிருந்து வடக்கே மொசாம்பிக் எல்லைவரை போகும் கரை அப்படியில்லை. 1999-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான இசிமங்கலிசோ பூங்காவுக்குள் இருக்கிறது. பெரும்பகுதி இருட்டு. அங்கே தாய் தோண்டிய குழியைவிட நல்ல இடம் நம்மால் கொடுக்க முடியாது. இட்ட சில மணி நேரத்துக்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் உள்ளே கரு செத்துப்போகலாம். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண். இடத்தை மாற்றினால் அந்தக் கணக்கும் மாறும். அவசியம் இல்லாதபோது கைவைக்காமல் இருப்பதும் ஒரு பாதுகாப்புதான்.

நண்டு விஷயத்துக்கு வருகிறேன். சோட்வானா பக்கம் முட்டையிடும் பெருந்தலை ஆமை ஒரு தடவைக்கு நூறு முட்டை அளவில் இடும். ஒரே பருவத்தில் பல தடவை கரையேறும். அதில் வளர்ந்து திரும்புபவை மிகச் சிலவே. நண்டுக்கும் பறவைக்கும் மீனுக்கும் போகும் பங்கு அந்த நூற்றுக்குள் அடக்கம். கோடிக்கணக்கான ஆண்டுகளாக அதைத் தாங்கித்தான் ஆமைகள் வந்திருக்கின்றன. அவற்றால் தாங்க முடியாதது நாம் எடுக்கும் பங்கு.

இந்தக் கரையில் 1963-இல் பாதுகாப்பு வேலை தொடங்கியது. அன்று முதல் ஒவ்வொரு பருவமும் ஆட்கள் இரவில் நடந்து கணக்கெடுக்கிறார்கள்; பக்கத்துக் கிராமத்து ஆட்களும் இதில் உண்டு. பல ஆண்டுகள் குஞ்சுகளின் ஓட்டோரத்தில் சின்ன வெட்டு அடையாளம் போட்டு விட்டார்கள். முப்பது வருடத்துக்கும் மேலாகி அந்த அடையாளத்தோடு சில பெண் ஆமைகள் அதே கரைக்கு முட்டையிட வந்தன. யோசித்துப் பாருங்கள், உங்கள் மகள் பார்த்த குஞ்சு திரும்பி வரும்போது அவளுக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும்.

பெருந்தலை ஆமைகளின் கூடுகள் நன்றாகப் பெருகிவிட்டன. இங்கே முட்டையிடும் இன்னொரு இனமான தோணி ஆமைகள் அப்படிப் பெருகவில்லை. இரண்டுக்கும் அதே கரை, அதே காவல். உலகத்திலேயே பெரிய கடலாமையான தோணி ஆமை, ஜெல்லி மீன் தேடி இந்தியப் பெருங்கடலிலும் அட்லாண்டிக்கிலும் வெகுதூரம் அலைகிறது. கப்பல்கள் விடும் நீளத் தூண்டில்களில் மாட்டிச் சாகிறது. கடலில் தாய் செத்தால் கரையில் எத்தனை கூட்டைக் காத்து என்ன பயன்? எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அந்த நண்டின்மேல் அல்ல.

சரி, கேப்டவுன். மகளுக்கு அங்கே உண்மையான வேலை இருக்கிறது. குஞ்சுகளை அகுல்யாஸ் நீரோட்டம் டர்பனைத் தாண்டித் தெற்கே கொண்டுபோகிறது. சிலது குளிர்ந்த நீரில் சிக்கி, விறைத்து, கேப்டவுன் இருக்கும் மேற்குக் கேப் மாநிலக் கரைகளில் ஒதுங்கும். கடற்பாசி ஒதுங்கிக் கிடக்கும் வரியில் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும், ஓட்டில் பாசியோ, ஒட்டிக்கொண்டு வாழும் சிறு கடலுயிரான கொட்டலசோ பிடித்திருக்கலாம். சிலவற்றின் வயிற்றில் பிளாஸ்டிக் துண்டுகள்கூட இருக்கும்.

கண்டால் திரும்பக் கடலில் விடவே கூடாது. சோட்வானாவில் செய்யக்கூடாத உதவியை இங்கே செய்தே ஆகவேண்டும். தண்ணீரிலும் போடாதீர்கள், சாப்பிடவும் கொடுக்காதீர்கள். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் உலர்வாக வைத்து, எங்கே எப்போது கிடைத்தது என்று குறித்துக்கொண்டு, கேப்டவுன் டூ ஓஷன்ஸ் அக்வேரியத்துக்குப் போன் செய்யுங்கள். அவர்கள் தேற்றி, வளர்த்து, வெதுவெதுப்பான நீரில் விடுகிறார்கள். புறப்படும் முன்பே அந்த எண்ணை மகளின் போனில் பதிந்து கொடுங்கள்.

அன்புடன்