ராத்திரி ஃப்ளைட்ல தூங்குறத பத்தி கேட்ட தம்பிக்கு

தம்பி, ஆகஸ்ட் கடைசில டொராண்டோ வரேன், முதல் ஃப்ளைட்டு, ஃப்ராங்க்ஃபர்ட்ல மாறுறதா கல்ஃப்ல மாறுறதான்னு இன்னும் முடிவு பண்ணல, எந்த நெக் பில்லோ நல்லா இருக்கும், எந்த சீட்டு, தூக்க மாத்திரை போடலாமான்னு கேட்டிருந்த. பில்லோ எதுவா இருந்தாலும் ஒண்ணுதான், என்கிட்ட கேட்டா ஒரு துண்ட சுருட்டி கழுத்துக்கு வச்சாலே போதும். சீட்டு, பாத்ரூம் பக்கமும் கடைசி ரோவும் வேணாம், முன்னாடி கால் நீட்ட இடம் இருக்குன்னு தொட்டில் மாட்டுற ரோவ எடுத்துடாத, அங்க கைக்குழந்தைங்க வரும். அவ்ளோதான். மாத்திரை விஷயத்துக்கு மட்டும் கொஞ்சம் உக்காந்து கேளு.

நான் வந்தது 2008 ஜனவரி. ஊரு கும்பகோணம். கிளம்புற அன்னிக்கு காலைலேருந்து வீடு நிறைய சொந்தக்காரங்க, மத்தியானம் இலை போட்டு சாப்பாடு, அப்புறம் பெட்டிய தராசுல ஏத்தி 23 கிலோவுக்கு மேல போகுதுன்னு வடாம எடுக்குறது, அத்தை பாத்துட்டாங்கன்னு திரும்ப வைக்கிறது, வேன்ல பதினொரு பேரு ஏர்போர்ட்டுக்கு, வழி பூரா புத்திமதி. நான் சீட்ல போய் உக்காந்தப்ப முழிச்சு இருபத்திரண்டு மணி நேரம் ஆச்சு. இதுதான் தம்பி விஷயமே. ப்ளேன்ல தூக்கம் வரலன்னு எல்லாரும் ப்ளேன திட்டுறோம், தூக்கத்த கெடுத்தது வீட்லயே நடந்து முடிஞ்சிடுது. நீயாவது வழியனுப்புற கூத்த முந்தின நாளே முடிச்சிடு. கிளம்புற அன்னிக்கு மத்தியானம் ரூம் கதவ சாத்திட்டு ரெண்டு மணி நேரம் படு, யார் கோச்சிக்கிட்டாலும் சரி.

அந்த மாத்திரை கதை. சித்தப்பா ஒருத்தர், சளிக்கு குடுக்குறது, சும்மா அசந்துடுவடான்னு ரெண்டு மாத்திரைய பேப்பர்ல மடிச்சு சட்டைப்பைல வச்சார். ஏர்போர்ட்ல உள்ள போனதும் போட்டுட்டேன். ஃப்ளைட் ரெண்டு மணி நேரம் லேட்டு. விளைவு, கேட்டு பக்கத்துல இரும்பு நாற்காலில வாயப் பொளந்து தூங்கினேன், யாரோ ஒரு அம்மா தட்டி எழுப்பி, தம்பி கூப்புடுறாங்கன்னாங்க. ஏறினப்புறம் தூக்கமும் இல்ல முழிப்பும் இல்ல, தலை மட்டும் பஞ்சு மாதிரி. ரெண்டாவது ஃப்ளைட்ல, எறங்க ஒரு மணி நேரம் இருக்கறப்ப, அப்பல்லாம் கையில ஒரு டிக்ளரேஷன் கார்டு குடுப்பாங்க, அத நிரப்ப ஃபைல எடுத்தேன், நிரப்பி முடிச்சு ஃபைல முன் சீட்டு பாக்கெட்ல சொருகினேன், அப்படியே அசந்துட்டேன். முழிச்சா எல்லாரும் நிக்கிறாங்க.

ஷூவ மாட்டப் போறேன், கால் உள்ள போகல. அத்தனை மணி நேரம் அசையாம உக்காந்ததுல பாதம் ரெண்டும் இட்லி மாதிரி உப்பியிருக்கு, பயணத்துக்குன்னே வாங்கின புது லெதர் ஷூ வேற. பின்பக்கத்த மிதிச்சிட்டு செருப்பு மாதிரி தேய்ச்சு தேய்ச்சு நடந்து இமிக்ரேஷன் கியூல நின்னப்புறம்தான் கையப் பாக்குறேன், ஃபைல் இல்ல. ஸ்டடி பர்மிட் லெட்டரு, காலேஜ் லெட்டரு, பேங்க் பேப்பரு எல்லாம் அதுக்குள்ள. ஏர்லைன்ஸ் ஆளு ஒருத்தர் போய் எடுத்துட்டு வர ஒன்றரை மணி நேரம் ஆச்சு, அதுவரைக்கும் ஓரமா ஒரு பெஞ்சுல உக்காந்து அழாத குறை. அதனாலதான் சொல்றேன், சொகுசா போகணும்னு தூங்காத, எறங்கினப்புறம் அந்த ரெண்டு மணி நேரம் மூளை வேலை செய்யணும், அதுக்குத் தூங்கு. சீட் பாக்கெட்ல தண்ணி பாட்டில் தவிர எதையும் வைக்காத. முன்ன பின்ன போடாத மாத்திரைய ப்ளேன்ல போட்டுப் பாக்காத, அதுவும் ட்ரிங்க்ஸோட சேத்து போடவே போடாத. ஓசில குடுக்குறாங்கன்னு நாலு விஸ்கி வாங்கி அடுக்குற அண்ணன்மாருங்கள ஒவ்வொரு தடவையும் பாக்குறேன், பேசிட்டே வருவாங்க, எறங்கறப்ப மூஞ்சி வெந்த கத்திரிக்காய்.

வழி கேட்டல்ல, முதல் தடவைக்கு நான் ஃப்ராங்க்ஃபர்ட்தான் சொல்லுவேன். சென்னைலேருந்து நடுராத்திரி தாண்டி கிளம்பும், பத்து மணி நேரம் ஒரே நீட்டு, உன் உடம்புக்கு அது ராத்திரிதான். கல்ஃப் வழின்னா நாலு மணி நேரம், கண்ணு சொக்குறப்ப எறக்கி விட்டுருவான், அப்புறம் பதினாலு மணி நேரம் இருக்கு. டிக்கெட் எட்டாயிரம் கம்மின்னு பதினோரு மணி நேரம் ட்ரான்சிட் எடுத்து, தரைல படுத்து, அத வந்து பெருமையா சொல்ற க்ரூப் இங்க உண்டு, அவங்க பேச்ச கேக்காத.

வீட்லயே ஒம்போது மணிக்கு தயிர் சாதம் சாப்ட்ரு. ஏறினதும் ராத்திரி ரெண்டரை மூணுக்கு ட்ரே தள்ளிட்டு வருவாங்க, வேணாம்னு சொல்லிட்டு கண்ண மூடு. கேபின் உள்ள காத்தழுத்தம் 6000லேருந்து 8000 அடி உசரத்துல இருக்கற மாதிரிதான் வச்சிருப்பாங்க, கிட்டத்தட்ட கொடைக்கானல்ல உக்காந்திருக்கன்னு வச்சுக்கயேன். வயித்துல இருக்கற கேஸ் விரியும், சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்புதுல்ல, அதே கதை. கொண்டக்கடலையும் கோக்கும் அன்னிக்கு வேணாம். காத்துல ஈரம் 20 சதவீதம் கூட இருக்காது, தண்ணி குடிச்சிட்டே இரு, அதனாலயே எந்திரிச்சு நடப்ப, காலும் உப்பாது. போர்வைக்கு மேல பெல்ட் போடு, குலுங்கறப்ப அவங்க டார்ச் அடிச்சு எழுப்ப மாட்டாங்க. ஷூ லூசா, சாக்ஸோட.

அப்புறம், சீட்டு மாத்திக்கிறீங்களா தம்பி, நாமெல்லாம் தமிழாச்சேன்னு ஒருத்தர் வருவார். அவர் குடுக்குறது நடு சீட்டா இருக்கும். குழந்தையோட பிரிஞ்சு உக்காந்த அம்மான்னா குடு, மத்தபடி சிரிச்சிட்டே முடியாதுன்னு சொல்லப் பழகு, எனக்கு அதுக்கு ஆறு வருஷம் ஆச்சு. இப்பல்லாம் பெல்ட் மாட்டினா பத்து நிமிஷத்துல குறட்டை, வீட்டம்மா பக்கத்துல இல்லாத மாதிரி பாத்துக்குவாங்க.

ரெண்டாவது ஃப்ளைட் எட்டரை மணி நேரம், பகல், அதுல முழிச்சே இரு, வந்து சாயங்காலம் படுக்காம ஒம்போது மணி வரைக்கும் தாக்குப்பிடி. நான் வந்த அன்னிக்கு நேரா ஸ்கார்பரோல ஒரு பேஸ்மென்ட், தரைல போட்ட மெத்தை, நாலு மணிக்கே விழுந்துட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு கொட்ட கொட்ட முழிப்பு. ஜன்னல்ல பனி பாதி உசரத்துக்கு. ரூம்மேட் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன், நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்தவர், ஒண்ணும் கேக்காம புட்டும் சம்பலும் சூடு பண்ணி வச்சார், ரெண்டு பேரும் பேசாம சாப்ட்டோம். மறுநாள் என் ஷூவ அவர்தான் ரேடியேட்டர் பக்கத்துல வச்சு, செருப்பாக்கிட்டியேன்னு சிரிச்சார்.

டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ரெண்டு ஃப்ளைட் டைமையும் எழுது, பாத்து சொல்றேன்.