மலை ஈரத்தில் மரச்சாமானுக்குப் பெயின்ட்: உங்கள் கேள்விகள்

ஆகஸ்டில் நாற்காலிகளுக்கு எனாமல் அடித்தோம். இப்போது பட்டை பட்டையாக உரிகிறது. பெயின்ட் மட்டமா? (கூடலூர்)

பெயின்ட் மேல் தப்பு இருக்காது. தென்மேற்கு மழை கொட்டும் ஆகஸ்டில் கூடலூரில் மரம் காய்ந்திருக்க வழியே இல்லை. குடித்த ஈரத்தோடு மரத்தை மூடிவிட்டீர்கள். வெயில் வந்ததும் அந்த ஈரம் பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. தயவுசெய்து உரிந்ததன் மேலேயே இன்னொரு கோட் அடிக்காதீர்கள்.

தளர்ந்ததை எல்லாம் சுரண்டிவிட்டு, காற்றோடும் அறையில் ஜனவரிக் கடைசி வரை போட்டுவையுங்கள். அதிலிருந்து ஏப்ரல் பாதி வரைதான் நம் மலையில் இந்த வேலைக்குத் தோதான நாட்கள். 120 எண் உப்புத்தாள், அப்புறம் 180, இரண்டும் மர ரேகை ஓடும் திசையில். தூசி துடைத்துப் பிரைமர். அது காய்ந்த பிறகே ஆணித் துளைகளுக்குப் பட்டி. முன்னாலேயே வைத்தால் பட்டியின் எண்ணெயை வெறும் மரம் உறிஞ்சிவிடும், பட்டி உதிரும். 220 போட்டுத் தேய்த்து, மெல்லியதாக இரண்டு கோட். கெட்டியாக ஒரே கோட் அடிப்பது நேரம் மிச்சம் இல்லை, மேலே காய்ந்து உள்ளே பச்சையாக நிற்கும்.

நாற்காலியைக் கவிழ்த்துக் கால்களின் அடியிலும் அடியுங்கள். அந்த வெட்டுமுகம்தான் தரையின் ஈரத்தை அதிகம் இழுக்கும். பலரும் விட்டுவிடுகிற இடம் அது.

பிரெஞ்சு பாலிஷ் போட்ட மேஜை வெள்ளை பூத்துவிட்டது. (ஊட்டி)

மாலையில் போட்டிருப்பீர்கள். பாலிஷில் அரக்கைக் கரைத்திருக்கும் ஸ்பிரிட் ஆவியாகும்போது மேஜைப் பரப்பு குளிரும், பனியின் ஈரம் அதில் படிந்து அரக்குக்குள் மாட்டிக்கொள்ளும். வெயில் ஏறிய ஒரு நாளில், ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியால் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகத் துடையுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். இனிமேல் காலை பத்து முதல் பிற்பகல் மூன்றுக்குள் முடியுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று அறையைச் சாத்திக் கரி அடுப்பு மட்டும் வைக்காதீர்கள். ஸ்பிரிட், தின்னர் ஆவி தீப்பிடிக்கும்; கரிப்புகை ஆளையே கொல்லும்.

ஈட்டி மர அலமாரிக்கு வெள்ளை அடிக்கலாமா? (கோத்தகிரி)

வேண்டாம். ஈட்டியின் சாயம் வெள்ளையில் கசிந்து கறையாக நிற்கும். அந்த ரேகையை மறைக்க எனக்கு மனசும் வரவில்லை.

என் மகள் படுத்த, பெயின்ட் அடித்த பழைய தொட்டிலைப் பேத்திக்காகப் புதுப்பிக்கிறேன். (குன்னூர்)

கொஞ்சம் பொறுங்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் தொட்டிலில் இருப்பது அதற்கு முந்தைய பெயின்ட், அதில் ஈயம் இருக்கலாம். இருந்தால், உலர்வாகத் தேய்க்கும்போது ஈயத்தூள் வீடெங்கும் பறக்கும், பல் முளைக்கும் குழந்தையோ கம்பியைக் கடிக்கும். பேத்தியைப் புதுத் தொட்டிலில் போடுங்கள். பழையதை உரிக்காமல், தேய்க்காமல், குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் பத்திரமாக வையுங்கள்.

அடித்த கட்டிலில் எப்போது படுக்கலாம்? (குந்தா)

தொட்டால் ஒட்டாது என்பதும் இறுகிவிட்டது என்பதும் வேறு வேறு. நம் குளிரில் எனாமலுக்கு இரண்டு மூன்று வாரம் கொடுங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் விழக்கூடாது, வாடையும் போயிருக்க வேண்டும்.